மதில் மேல் ஐயா

சுதாகரனின் ஒரு கால் மதிலுக்கு வெளியேயும் மற்றக் கால் உள்ளேயும் தொங்கிக்கொண்டிருந்தபோது, "காலை எடும் தம்பி" என்று ஒரு குரல் கேட்டது.

அவன் ஒழுங்கையைப் பார்த்தான். ஒருவரும் இல்லை. ஒரு நாய் மட்டும் படுத்திருந்தது.

"எந்தக் காலை?" என்று கேட்டான். பதினொரு வருட அரசாங்க உத்தியோகத்தில் அவன் கற்றது, எதையும் செய்வதற்கு முன் விளக்கம் கேட்கவேண்டும் என்பதைத்தான்.

"உள்ளுக்கை கிடக்கிற காலை."

குரல் மதிலின் மூலைத் தூணிலிருந்து வந்தது. அங்கே தேங்காய்ச் சிரட்டை அளவில் ஒரு வெள்ளைக் கமரா இருந்தது. அதற்கு மேலே சிறிய சோலார் தகடு ஒன்று. சுதாகரன் அளவு நாடாவைக் கை நழுவவிட்டான். அது உள்ளே விழுந்தது. எடுப்பதற்கு உள்ளே இறங்கவேண்டும். இறங்கக்கூடாது என்று தூண் சொல்லிவிட்டது. அவன் மதில்மேல் சும்மா இருந்தான்.

தான் பிரதேச சபையின் தொழில்நுட்ப உத்தியோகத்தர் என்றும், கள்வன் இல்லை என்றும், கேற் பூட்டியிருந்தபடியால்தான் ஏறவேண்டி வந்தது என்றும் தூணுக்கு விளக்கினான். தூண் கேட்டுக்கொண்டிருந்தது. பிறகு, இது கனகசபாபதியின் காணி என்றும், கதைப்பது கனகசபாபதிதான் என்றும், கதைப்பது ரொறொன்ரோவிலிருந்து என்றும் சொன்னது. அங்கே நடுச்சாமம் தாண்டிவிட்டதாம். நித்திரை வரவில்லையாம்.

அந்தக் குரலுக்குப் பின்னால் எங்கோ ஒரு பெண் குரல், "இன்னும் படுக்கேல்லையே?" என்று கேட்டது.

சபையில் இருந்த பழைய வரைபடத்தில், குளத்திலிருந்து கடல்நீரேரிக்குப் போகும் வெள்ள வாய்க்கால் ஒரு நீலக் கோடாக இந்தக் காணியின் நடுவால் போனது. நிலத்தில் அந்தக் கோட்டைக் காணவில்லை. கிழக்கே ஒரு மதில், மேற்கே ஒரு மதில். மாரியில் குளத்துத் தண்ணீர் கிழக்கு மதில்வரை வந்து, கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, ஒழுங்கைக்குள் திரும்பும். அந்த ஒழுங்கையின் கடைசி வீட்டில்தான் சுதாகரன் வாடகைக்கு இருந்தான்.

சென்ற கார்த்திகையில் வீட்டுக்குள் முழங்கால் அளவு தண்ணீர். குளிர்சாதனப் பெட்டி அறைக்கு அறை மிதந்து திரிந்தது. அன்றைக்குச் சீமெந்துக் கற்களின்மேல் தூக்கிவைத்த கட்டிலை இன்னும் இறக்கவில்லை. பத்து மாதமாக அவனும் மனைவி பிரதீபாவும் ஒரு முக்காலியில் ஏறித்தான் படுக்கப் போகிறார்கள். புரட்டாதி பிறந்த அன்று, வெங்காயம் வெட்டிக்கொண்டே பிரதீபா சொன்னாள்.

"இந்த வருசமும் தண்ணி உள்ளுக்கை வந்தால் நான் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு உடுப்பிட்டிக்கு அம்மாட்டைப் போயிடுவன். வடிஞ்ச பிறகும் வரமாட்டன்."

அவள் கோபமாகச் சொல்லவில்லை. சுதாகரனைப் பயப்படுத்தியது அதுதான்.

இரண்டு மதிலிலும் ஆறு ஆறு அடி உடைத்தால் போதும். ஆனால் தனியார் மதிலை உடைக்க உரிமையாளரின் எழுத்துமூலச் சம்மதம் வேண்டும். இல்லாவிட்டால் அறிவித்தல், வழக்கு, தவணை. "வெளிநாட்டுக் காணி, கவனம்" என்று செயலாளர் சொல்லியிருந்தார். அவர் வந்து ஐந்து மாதம். அவருக்கு முன்பு இருந்தவர் ஒரு வருடம். அந்தச் சபையில் மூன்று வருடத்துக்கு மேல் தங்கியிருந்தது சுவர் மணிக்கூடு மட்டும்தான்.

"நீர் எந்த இடம்?" என்று தூண் கேட்டது.

சுதாகரன் சொன்னான்.

"கலியாணம்?"

"உடுப்பிட்டியில."

"ஆரின்ரை மகள்?"

மதில்மேல் இருந்தபடியே அவன் மாமனாரின் பெயரையும், அவருடைய தகப்பனின் பெயரையும், வீடு சந்திக்கு எந்தப் பக்கம் என்பதையும் சொன்னான். தூண் வம்சாவளியைக் கணக்குப் பார்த்தது. சுதாகரனுக்குக் கால் விறைத்தது.

"அப்ப நீர் எனக்கு மருமகன் முறை" என்றது தூண் கடைசியில். "மருமகன், கமராவுக்கு முன்னாலை ஒரு சிலந்தி வலை கட்டியிருக்கு. ஒருக்காத் தட்டிவிடும்."

உத்தியோகத்தன் என்றால் மறுத்திருக்கலாம். மருமகனால் ஏலாது. சுதாகரன் லேஞ்சியை எடுத்துத் துடைத்தான்.

அடுத்த நாள் சம்மதக் கடிதத்தைத் தட்டச்சு செய்துகொண்டு போனான். கேற்றில் தொங்கிய பெரிய பூட்டைப் பார்த்துவிட்டு மறுபடியும் மதிலில் ஏறினான். கனகசபாபதி கடிதத்தை வாசிக்கச் சொன்னார். அவன் கமராவுக்கு முன்னால் உரத்து வாசித்தான். பிறகு மௌனம்.

அந்த மௌனங்களை வகைபிரிக்க அவனுக்கு இரண்டு கிழமை எடுத்தது. பின்னால் ஏதாவது இயந்திரம் இரைந்தால் ஐயா யோசிக்கிறார். மூச்சுச் சத்தம் கேட்டால் நித்திரை. ஒன்றுமே கேட்காவிட்டால் கமராவின் இணைய டேற்றா முடிந்துவிட்டது.

அன்றைக்கு இயந்திரம் இரைந்தது.

"நல்ல கடிதம். 'கீழ்க்குறிப்பிட்ட' எண்டு ரெண்டு தரம் வருது. ஒண்டை எடும். எடுத்துக்கொண்டு நாளைக்கு வாரும்."

அப்படித்தான் நாளைக்கு நாளைக்கு என்று போனது. ஒருநாள் கிணற்றுத் தண்ணீரை அள்ளிக் காட்டச் சொன்னார். ஒருநாள் முற்றத்துச் சருகைக் கூட்டச் சொன்னார். கூட்டிய பிறகு, கூட்டும் சத்தம் சரியாகக் கேட்கவில்லை, இன்னொருக்கால் கூட்டும் என்றார். பலாவில் காய் இருக்கிறதா என்று கேட்டார். இருந்தது. அதைத் தட்டிக் காட்டச் சொன்னார். சுதாகரன் தட்டினான். ரொறொன்ரோவில் கேட்டுக்கொண்டிருந்தவர், இன்னும் ஒரு கிழமை செல்லும் என்று தீர்ப்புச் சொன்னார். ஒரு கிழமையில் அது விழுந்தது.

சபையில் அவனுடைய மேசைக்கு எதிரே இருந்த எழுதுநர் பாலேஸ்வரி, அவனுடைய காற்சட்டையில் முழங்காலுக்குக் கீழே இருந்த இரண்டாவது கிழிசலைப் பார்த்தாள். சம்மதம் என்னவாயிற்று என்று கேட்டாள்.

"நாளைக்குத் தருவார் அக்கா."

"அந்தக் காணிக்கு ஒரு பழைய கோப்பு இருக்கவேணும் தம்பி. நம்பர்ப் புத்தகத்தில பதிவு கிடக்கு."

"கோப்பு எங்கை?"

"எந்த நிற மட்டை எண்டு தெரிஞ்சாலெல்லோ தேடலாம்."

சென்ற கார்த்திகை வெள்ளம் சபைக் கந்தோரையும் விட்டுவைக்கவில்லை. அலுமாரியின் கீழ்த்தட்டில் இருந்த கோப்புகளை அவனும் அவளும்தான் மொட்டை மாடியில் கயிறு கட்டி, உடுப்புப்போலக் காயப்போட்டார்கள். எழுத்தெல்லாம் அழிந்துபோனதால் பச்சை மட்டை ஒரு கட்டு, மண்ணிற மட்டை ஒரு கட்டு என்று நிறம் பார்த்துக் கட்டிவைத்தார்கள். சாவிகள் தொங்கும் திறப்புப் பலகையிலும் அதே கதை. பத்தொன்பது திறப்புகள் தொங்கின. பெயர்த் துண்டுகள் எல்லாம் வெறும் நீலக் கறை. சிவப்பு நூல் கட்டிய ஒரு பெரிய திறப்பு எதற்கு என்று யாருக்குமே தெரியாது. சுதாகரன் மோட்டார் சைக்கிள் கொட்டகைத் திறப்பை எடுக்கும்போதெல்லாம் அது அவன் கையில் இடித்தது.

ஐப்பசி பிறந்தது. பலாக் கிளை ஒன்று மறைக்கிறது, ஒழுங்கை தெரியவில்லை, அதை வெட்டினால் கையெழுத்தைப் பற்றி யோசிக்கலாம் என்றார் கனகசபாபதி. சுதாகரன் கத்தி வாங்கிப்போய் வெட்டினான்.

மறுநாளிலிருந்து மதில் ஒழுங்கையோடு கதைக்கத் தொடங்கியது.

மீன்காரனை நிறுத்தி, என்ன மீன், எப்ப பிடித்தது என்று விசாரித்தது. பள்ளிக்கூடத்துக்குப் பிந்திப் போன பிள்ளைகளைப் பெயர் கேட்டது. அந்தக் காணிக்குள் குப்பைப் பை எறிவது ஒழுங்கையின் நீண்டகால வழக்கம். இப்போது கை ஓங்கும்போதே, "உந்தப் பையைத் திருப்பிக் கொண்டுபோம்" என்று குரல் வந்தது. ஆட்கள் திருப்பிக் கொண்டுபோனார்கள். கொண்டுபோய், சுதாகரனின் வீட்டுக்கு முன்னால் இருந்த வடிகால் கானுக்குள் போட்டார்கள். இருந்த ஒரேயொரு கானும் அடைத்துக்கொண்டது.

காணிக்குப் பக்கத்து வீட்டு வித்தியா, சுதாகரனின் மோட்டார் சைக்கிளை மறித்தாள்.

"உங்கடை மாமாவுக்குச் சொல்லி வையுங்கோ. என்ரை வீட்டு வாசலில நிண்டு நான் போனில கதைச்சால், ஆரோடை எண்டு கேக்கிறார்."

"அவர் என்ரை மாமா இல்லை."

"அவர் அப்பிடித்தான் சொன்னவர். இனி என்ன அலுவலெண்டாலும் உங்களைப் பிடிக்கச் சொன்னவர்."

அவன் அன்றைக்கே ஏறிக் கமராவைக் கொஞ்சம் திருப்பினான். திருப்பியதில் அது நேராக வித்தியா வீட்டுக் கிணற்றடியைப் பார்த்தது. மூன்று நாளில் சபைக்கு ஒரு முறைப்பாடு வந்தது. 'பொருள்: மதில் மேல் இருக்கும் ஐயா' என்று தலைப்புப் போட்டு, பதினான்கு பேர் கையெழுத்து வைத்திருந்தார்கள். செயலாளர் அதன் ஓரத்தில், 'தொ.உ. நேரில் பார்த்து அறிக்கை தருக' என்று எழுதி அனுப்பினார். தான் செய்ததைத் தானே நேரில் பார்த்து, தனக்கு எதிராக ஒரு பக்க அறிக்கை எழுதினான் சுதாகரன். அதை எழுதி முடித்தபோது, இந்த வருடத்தில் தான் முடித்த ஒரே வேலை அதுதான் என்று அவனுக்குத் தோன்றியது.

கடைசியில் கமராவை உள்பக்கமாக, காணியின் நடுவைப் பார்க்கத் திருப்பினான். அங்கே வாய்க்காலுக்காக அவன் அடித்த ஆப்புகள் வரிசையாக நின்றன. கனகசபாபதி அவற்றைப் பார்த்தார். அன்றிலிருந்து அவர் திட்டமிடலுக்குள் இறங்கினார்.

வாய்க்கால் பலாவின் வேருக்குக் கிட்டப் போகிறது, தள்ளும் என்றார். தள்ளினான். கிணற்றுக்குக் கிட்ட வந்துவிட்டது, வளையும் என்றார். வளைத்தான். மூன்றாவது வரைபடத்தில் வாய்க்கால் இரண்டு இடத்தில் திரும்பியது. யாழ்ப்பாணத்தில் இருந்த பொறியியலாளர் அதை நெடுநேரம் பார்த்தார். "சுதாகரன், தண்ணி ஆட்டோ இல்லை" என்று சொல்லித் திருப்பிக் கொடுத்தார்.

அடுத்த நாள் அவன் நாலாவது வரைபடத்தோடு போய்க் கமராவுக்கு முன்னால் நின்றான். கனகசபாபதி பார்க்கவில்லை.

"எங்கடை அப்பா காலத்தில வாய்க்கால் பலாவுக்கும் கிணத்துக்கும் நடுவாலைதான் போனது" என்றார். "அப்பிடியே விடும்."

அது முதலாவது வரைபடம்.

"அப்ப மதிலைக் கட்டினது ஆர் ஐயா?"

இயந்திரம் இரைந்தது. நிறைய நேரம் இரைந்தது.

"நான்தான். ஆடு வருதெண்டு கட்டுவிச்சனான். இஞ்சை இருந்து வீடியோவில பாத்துப் பாத்துத்தான் கட்டினது. ஆனி மாதம். வீடியோவில வாய்க்கால் தெரியேல்லை, காஞ்ச நிலம்தான் தெரிஞ்சது. மேசன்மாரும் சொல்லேல்லை. வெளிநாட்டுக்காரனுக்கு ஏன் சொல்லுவான் எண்டு விட்டிட்டினம்."

சுதாகரன் முதன்முறையாக அந்தக் குரலுக்காகக் கொஞ்சம் இரங்கினான். உடனே தன் கட்டிலை நினைத்து அதை நிறுத்திக்கொண்டான்.

காணி உறுதிப் பத்திரத்தின் பிரதியும் வேண்டும் என்று பாலேஸ்வரி சொல்லியிருந்தாள். அதைக் கேட்டான்.

"உறுதி என்னட்டை இல்லை" என்றார் கனகசபாபதி. "பத்திரமான இடத்தில கிடக்கு."

"எந்த இடம் ஐயா?"

"நனையாத இடம் எண்டுதான் சொன்னவை."

அதற்குமேல் ஒன்றுமே கேட்கவில்லை. டேற்றா முடிந்துவிட்டது.

கார்த்திகையில் தாழமுக்கம் வந்தது. வானொலி முதல் நாள் மழை என்றது, இரண்டாம் நாள் கனமழை என்றது, மூன்றாம் நாள் மின்சாரம் இல்லாததால் ஒன்றும் சொல்லவில்லை. குளம் நிரம்பியது. தண்ணீர் கிழக்கு மதில்வரை வந்து திரும்பியது. குப்பையால் அடைத்த கானை ஒருமுறை பார்த்துவிட்டு, நேராக ஒழுங்கையில் நடந்து போய்ச் சுதாகரனின் வாசற்படியில் ஏறியது.

பிரதீபா அலுமாரியைத் திறந்தாள். இரண்டு பையை எடுத்தாள். பிள்ளையைத் தூக்கினாள். ஆட்டோவுக்குப் போன் எடுத்தாள்.

சுதாகரன் நனைந்தபடி சபைக்கு ஓடினான். செயலாளர் கதிரையின்மேல் காலைத் தூக்கிவைத்திருந்தார். அங்கேயும் தண்ணீர் வரத் தொடங்கியிருந்தது. எழுத்தில் இல்லாவிட்டாலும் பரவாயில்லை, காணிக்காரர் வாயால் ஓம் என்று சொல்லட்டும், பாலேஸ்வரி சாட்சியாக நின்று எழுதட்டும், மதில் உடைக்கப் பெக்கோ இயந்திரத்தைக் கொண்டுபோங்கள் என்றார். வாயால்கூடச் சொல்லாவிட்டால் ஒரு கல்லிலும் கை வைக்கக்கூடாது என்றும் சொன்னார்.

பெக்கோ ஓட்டுகிற கிறிஸ்ரோபர் குருநகர்க்காரன். மதிலுக்கு முன்னால் பெக்கோவை நிறுத்திவிட்டு, முழங்கால் தண்ணீரில் குடை பிடித்து நின்ற பாலேஸ்வரியையும், தூணுக்கு முன்னால் கைகட்டி நின்ற சுதாகரனையும் பார்த்தான்.

"சேர், என்னத்தைப் பாத்துக்கொண்டு நிக்கிறியள்?"

"ஐயாவிட்டைக் கேக்கவேணும்."

கிறிஸ்ரோபர் சுற்றிலும் பார்த்தான். ஐயா ஒருவரும் இல்லை. அவன் சிலுவை போட்டுக்கொண்டு இருக்கையில் சாய்ந்தான்.

"மருமகன்" என்றது தூண். "மழை எப்பிடி?"

"தெரியேல்லையே ஐயா?"

"தெரியுது. கொஞ்சம் கதையாமல் நில்லும். சத்தத்தைக் கேப்பம்."

அவர்கள் நின்றார்கள். பலாவில் மழை பெய்தது. பெக்கோவின் தகரத்தில் பெய்தது. பாலேஸ்வரியின் குடையில் பெய்தது. தண்ணீர் மதிலின் அடியில் வந்து மோதி, திரும்பி, சுதாகரனின் கால்களுக்கிடையால் ஒழுங்கைக்குள் போனது. ஒழுங்கையின் முகப்பில் ஒரு ஆட்டோ வந்து நின்றது. பிரதீபா ஒரு பையைத் தலையில் வைத்து, மற்றதைத் தோளில் மாட்டி, பிள்ளையை இடுப்பில் தூக்கிக்கொண்டு, தண்ணீரை உழக்கி அதை நோக்கி நடந்தாள். அவனைக் கடக்கும்போது நிமிர்ந்து பார்த்தாள். ஆட்டோவில் ஏறி இருந்தாள். ஆட்டோ உடனே வெளிக்கிடவில்லை.

சுதாகரன் தூணுக்குக் கிட்டப் போனான். இரண்டு மாதமாக மனப்பாடமாகியிருந்த கடிதத்தில் ஒரு சொல்கூட வாயில் வரவில்லை.

"ஐயா, உந்த ஆட்டோவுக்குள்ளை என்ரை மனுசியும் பிள்ளையும் இருக்கினம். போனால் வரமாட்டினம். நீங்கள் சொன்னதெல்லாம் செய்தனான். கூட்டினனான், வெட்டினனான், நாலு படம் கீறினனான். எனக்கு இனி ஏலாது. ஓம் எண்டு ஒரு சொல்லுச் சொல்லுங்கோ."

இயந்திரம் இரைந்தது. பாலேஸ்வரி பேனையைத் திறந்து வைத்திருந்தாள்.

"நான் ஓம் எண்டு சொன்னால்" என்றார் கனகசபாபதி மெதுவாக, "பிறகு நீர் ஏன் இஞ்சை வாறீர்?"

சுதாகரன் ஆட்டோவைத் திரும்பிப் பார்த்தான். மழை பெய்தது. ஆட்டோ இயந்திரம் ஒருமுறை உறுமி நின்றது. தூணுக்குள் ஒரு கதிரை அரைபடும் சத்தமும், நித்திரையிலிருந்து எழும்பி வந்த ஒருவரின் செருப்புச் சத்தமும் கேட்டன. இரண்டு மாதமாகப் பின்னால் இருந்து 'இன்னும் படுக்கேல்லையே' என்று மட்டும் கேட்டுக்கொண்டிருந்த அந்தப் பெண் குரல், இப்போது வெகு கிட்டத்தில் கேட்டது.

"தம்பி, உந்தக் காணியை வெள்ள வாய்க்காலுக்கெண்டு உங்கடை சபைக்கே எழுதிக் குடுத்து நாலு வருசமாச்சு, கேற்றுத் திறப்பும் சிவப்பு நூலிலை கட்டி உங்கடை கந்தோரிலதான் குடுத்தது, இவரிட்டை மிஞ்சினது உந்தக் கமரா ஒண்டுதான்."